துரை கண்

கத்தரீனாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் குமட்டல்தான் வருகிறது. அவளால் அல்ல. வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துச் சனங்களை நினைத்து, அவர்களோடு சேர்த்து என்னையும் நினைத்து. அப்போது நான் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர்.

அவள் கொழுந்து கிள்ளுகிறவள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணோடு மேடு ஏறுவாள். இரண்டு வயதில் இடது கண்ணுக்குள் கட்டி வந்து, மதுரையில் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். லயம் முழுக்க இது தெரியும். 1972இல் அடுத்த எஸ்டேட்டிலிருந்து இன்னாசிராஜுக்குப் பெண் கேட்டு வந்தபோது, அவளுடைய அப்பா பாஸ்கல், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது குச்சி குத்திக் கண் போனதாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தாய் சந்தனமேரி லேசுப்பட்டவளா? டிஸ்பென்சரிச் சீட்டு வேண்டும் என்றாள். பாஸ்கல் என் காலில் விழாத குறை. குச்சி குத்தியது என்றே சீட்டு எழுதிக் கொடுத்து, டிஸ்பென்சரிப் பதிவு நோட்டில் அவள் பேருக்கு நேரேயும் அப்படியே எழுதினேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு எல்லோருக்கும்.

இன்னாசிராஜும் தாயும் எங்கள் எஸ்டேட்டிலேயே வேலை கிடைத்து எங்கள் லயத்துக்குக் குடிவந்தார்கள். அடுத்த வருஷமே மிக்கேல் பிறந்தான். எட்டாம் மாதம் அவன் வலது கண் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னியது. பூனைக் கண் என்று முதலில் கொஞ்சினார்கள். பிறகு யாரோ ஒருத்தி, எஸ்டேட் துரையான வெள்ளைக்கார மானேஜரின் கண் இது என்றாள். அவ்வளவுதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில், தண்ணிக் குழாயடியில், கோயில் வாசலில்கூட ‘துரை கண்’ என்பதே பேச்சு. அவளுடைய கண் எதனால் போனது என்று தெரிந்தவர்களே அப்படிப் பேசினார்கள். சீ! சந்தனமேரி பிள்ளையைத் தொடவில்லை. இன்னாசிராஜ் ஒரு வார்த்தை கேட்காமல் பாயை அடுப்பங்கரைக்கு மாற்றிக்கொண்டான்.

கத்தரீனாள் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, எனக்கு வந்ததுதான் இவனுக்கும் வந்துருக்கு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“சீட்டு விஷயம் வெளிய வந்தா உன்னை வச்சிருப்பாங்களா? கண்ணு கலங்கியிருக்கு, சொட்டு மருந்து போடுவோம்” என்றேன். இரண்டு மாதம் போட்டேன். என் வேலைக்குப் பயந்துதான் போட்டேன்.

கண் பிதுங்கத் தொடங்கியதும் கத்தரீனாள், இன்னாசிராஜ், சந்தனமேரி, நான் என்று எல்லோருமாக மதுரைக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தார்.

“உனக்கு எப்படிம்மா கண்ணு போச்சு?”

“குச்சி குத்திருச்சுங்கய்யா. கம்பவுண்டரே சீட்டு குடுத்துருக்காரு” என்று சந்தனமேரி முந்திக்கொண்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“பொய்யிங்கய்யா. ரெண்டு வயசுல கட்டின்னு எடுத்தாங்க. சீட்டும் பொய்யி” என்றாள் கத்தரீனாள்.

டாக்டர் உடனே பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, நல்ல கண் என்று நாங்கள் நினைத்திருந்த இடது கண்ணையும் பார்த்தார். அதிலும் கடுகளவு கட்டி. வெளியே வந்து சத்தம் போட்டார்.

“கண்ணோட பின்சுவர் நரம்பாலான திரை. அதோட உயிரணுக்கள் வளர்ந்து முடிஞ்சதும் பெருகுறதை நிறுத்தணும். நிறுத்தச் சொல்ற மரபணு ஜோடியா இருக்கும்னு இப்பச் சொல்றாங்க. ஒண்ணு தாய்கிட்டயிருந்தே கெட்டு வந்திருக்கு. இன்னொண்ணும் கெட்ட இடத்துல உயிரணு நிக்கத் தெரியாமப் பெருகுது. புத்துநோய்! பொறந்த மாசமே உண்மையைச் சொல்லிக் கொண்டுவந்திருந்தா ரெண்டு கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம். இப்ப வலது கண்ணை எடுத்தாகணும். இடதுக்குக் கதிர் வச்சுப் பார்க்கிறேன்.”

சந்தனமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அந்தோணியாரே! அப்ப துரை இல்ல, துரை இல்ல!”

அவள் முகத்தில் சிரிப்பு. இன்னாசிராஜ், பிறந்த பிள்ளையை அன்றுதான் பார்ப்பவன் மாதிரி இரண்டு கையையும் நீட்டினான்.

கத்தரீனாள் கொடுக்கவில்லை. “கண்ணு போகணும்னதும் ஒங்க புள்ளையா ஆயிட்டானா?” என்றாள்.

வலது கண்ணை எடுத்தார்கள். சில வாரம் கதிர் வைத்ததில் இடது கண் பிழைத்தது. ஊர் திரும்பிய மறுநாள், கட்டுப் போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள்.

“நோட்டுல என் பேர்ல எழுதுனதை அடிச்சிட்டு உள்ளதை எழுதுங்க. கீழ இவன் பேரையும் எழுதுங்க. நாளைக்கு இவனுக்கு வாக்கப்பட்டு வர்றவகிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டணும்.”

எழுதினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால், எழுதியதை வெளியே மருந்துக்கு நின்றவர்கள் காதில் விழும்படி என்னையே உரக்க வாசிக்கச் சொன்னாள்.