மூடிய அறையில் ஓர் இருமல்

குடிநோயாளிகள் மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது மிகச் சிறிய அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரே ஜன்னல். வந்தவர்கள் பேசுவது வெளியே கேட்டுவிடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பேன். முகக்கவசத்தையெல்லாம் கொரோனாவோடு மறந்துவிட்டோம்.

வாரத்தில் இரண்டு மதியம் ஒருவர் வருவார். நாற்பது வயது இருக்கும். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவர் போன பிறகும் அறைக்குள் மல்லிகை வாசம் நெடுநேரம் நின்றிருக்கும். தூக்கத்தில் பேசுவதுபோல் தணிந்த குரலில் பேசுவார். இடையிடையே இருமுவார்.

"பீடி இருமல் மேடம், விடுங்க."

நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் தண்ணீர் குடித்தவர் டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார்: "வீட்ல எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளரு. அம்புட்டு அருவருப்பு. நீங்க இதுல குடிப்பீங்களா மேடம்?"

அந்த டம்ளரை வாங்கி, தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். அவர் கண் கலங்கினார். அன்று மாலை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு அவர் வருவது நின்றுபோனது. போனும் எடுக்கவில்லை. மறுபடி குடிக்கத் தொடங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் எனக்கு இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் வரத் தொடங்கின. கடுமையான காய்ச்சல் இல்லை. நாலு மணிக்கு மேல் உடம்பு லேசாகச் சுடும். எதிரே இருப்பவர் பேசும் சொற்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வீடு திரும்பும் வழியில் திண்டுக்கல் மலைக்கோட்டை இடம் மாறி நிற்பதுபோல் தோன்றும். அந்த மிதப்பு ஒருவகையில் பிடித்தும் இருந்தது. வளையல்கள் முழங்கை வரை ஏறத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது.

"எத்தனை நாளா இருமல்?" என் வேலையைப் பற்றி விசாரித்துவிட்டுக் கேட்டார் டாக்டரம்மா.

"மூணு வாரத்துக்கு மேல இருக்கும்."

"உங்ககிட்ட வர்றவங்ககிட்ட இதைக் கேக்குறதுண்டா? குடிக்கிறவங்களுக்கு டிபி சீக்கிரமா வருமே."

கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். சாத்திய ஜன்னலையும், இருமியவரின் டம்ளரில் குடித்ததையும் சொன்னேன்.

"டம்ளர்ல ஒண்ணும் வராதும்மா. இது காத்துல பரவுறது. மூடின ரூம்ல மணிக்கணக்கா உக்காந்திருக்கீங்க. ஆனா யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். என்னைவிட அவர் நினைப்புதான் அதிகம் வந்தது. அங்கிருந்தே மையத்துக்குப் போன் செய்து, எல்லோருக்கும் பரிசோதனை செய்யச் சொன்னேன்; அவர் ஊருக்கு ஆள் அனுப்பவும் கேட்டுக்கொண்டேன். போனவர்கள் பார்த்தபோது, அவர் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தாராம். அவருக்கும் டிபிதான். அந்த வாரமே மருந்து தொடங்கினார்கள்.

மூன்றாவது மாதம் மாத்திரை வாங்கப் போன இடத்தில் அவரைப் பார்த்தேன். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"என்னாலதான மேடம் உங்களுக்கு?"

"அது தெரியாதுங்க. ஆனா உங்க இருமலைக் கேட்டும் டெஸ்டுக்கு அனுப்பாம விட்டது நான்தான்."

மாத்திரை அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நானும்ல மறைச்சேன். உறக்கத்துல சட்டை நனைய வேர்க்கும். சொன்னா இனிமே வராதன்னு சொல்லிருவீகன்னு பயம். எனக்கு அந்த ரூம விட்டா வேற போக்கிடம் இல்ல."

எத்தனையோ மதியங்கள் அவர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டதாக நம்பியிருந்தேன். இதை அவர் சொன்னது ஆஸ்பத்திரிப் பெஞ்சில், சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போது.

இப்போது ஜன்னல் திறந்திருக்கிறது. பஸ் சத்தத்துக்கு மேலாகக் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. இருமல், காய்ச்சல், எடை குறைந்தது பற்றி முதல் நாளே கேட்டுவிடுகிறேன். என்ன பதில் சொன்னாலும் இங்கே வருவதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதை அதற்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஆறு மாத டிபி மருந்தையும் முடித்தார். நடுவில் இரண்டு முறை குடித்தார். இரண்டு முறையும் அவராகவே வந்து சொன்னார். மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடவில்லை.