தாலி வீட்டு பாப்கா

எனக்கு ஒன்பது வயது நிறைய இரண்டு நாட்கள் இருந்தபோது, பக்கத்து வீட்டு விருந்துக்கென்று செய்த ஒரு கேக்கை வேண்டுமென்றே கெடுத்தேன். கெடுத்தேன் என்றால் உப்பை அள்ளிப் போடவுமில்லை, கருக விடவுமில்லை. சொல்லப்போனால் அது முன்பு செய்த எல்லாவற்றையும் விட ருசியாகத்தான் வந்தது. அதுதான் வினையாகிப்போனது.

அப்போது நாங்கள் மெல்பேர்னில், கோல்ஃபீல்டில் இருந்தோம். எங்கள் ஆட்கள் எல்லாம் புறநகரான ரோவில் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அம்மாவின் வேலைக்குக் கிட்ட என்பதற்காக அப்பா இங்கே ஒரு யூனிட்டை வாடகைக்கு எடுத்தார். ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக இரண்டு வீடுகள். பின்னால் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர்களாகிய நாங்கள்: அப்பா, அம்மா, ஒரே பிள்ளையாகிய நான். முன்னால் ஒரு யூதக் குடும்பம். அந்த வீட்டு அன்ரியின் பெயர் மிரி. அவருடைய மகளுக்கு என் வயதுதான். அவள் பெயர் தாலி.

முதல்நாள் அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பிள்ளைக்குத் தாலி எண்டு பேர் வைச்சிருக்கினம்!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கழுத்திலிருந்த தன் தாலியை வெளியே இழுத்துக் காட்டி, "திஸ் ஆல்சோ தாலி" என்றார். மிரி அன்ரியும் விழுந்து விழுந்து சிரித்தார். தங்கள் மொழியில் அதற்கு 'என் பனித்துளி' என்று அர்த்தமாம். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அடுத்த வருடம் மிரி அன்ரி வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். பிள்ளை பிறக்கும்வரை படுத்தே இருக்கவேண்டும், நடமாடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டிலோ ஒவ்வொரு வெள்ளி மாலையும் சூரியன் சாய்ந்து அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்குவதற்குள் இரண்டு பின்னல் பாணும் ஒரு கேக்கும் மேசைக்கு வந்தாகவேண்டும். கடையில் வாங்கலாம், நடந்துபோகிற தூரத்திலேயே நல்ல கடைகள் இருந்தன. ஆனால் மிரி அன்ரிக்குக் கடைப்பாண் என்றால் முகம் கோணிவிடும். அவர் சோபாவைக் குசினி வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி அதில் சாய்ந்துகொண்டார். அம்மா போய், "யூ டெல், ஐ டூ" என்றார். அந்த நாலு சொல்லோடு என் அம்மா என் கையை விட்டுப் போய்விட்டார் என்றே நான் நினைத்தேன்.

அம்மாவுக்குக் காலையில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. வியாழனும் வெள்ளியும் வேலை முடிந்ததும் நேரே முன் வீட்டுக்குப் போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கேதான் போகவேண்டும். மிரி அன்ரி சோபாவில் படுத்தபடி ஒரு மரக்கரண்டியைச் செங்கோல் போலப் பிடித்துக்கொண்டு கட்டளையிடுவார். "இன்னும் அடி. அந்த மா இன்னும் கோபமாக இருக்கிறது. இப்போது விடு, கொஞ்சம் படுத்து எழும்பட்டும்." அம்மாவும் மாவைத் துணியால் போர்த்தி, "ஸ்லீப், ஸ்லீப்" என்று தட்டிவைப்பார். என்னை அப்படித் தட்டி எத்தனை காலம் ஆகிறது என்று நான் கணக்குப் பார்ப்பேன்.

பாணைப் பின்னுவது தாலியும் அம்மாவும். ஹல்லா என்கிற அந்தப் பாணுக்கு ஆறு இழை. அம்மா தாலியின் கைமேல் தன் கையை வைத்து, மேலே, கீழே, நடுவால என்று மெதுவாகப் பின்னுவார். பின்னி முடித்துத் தள்ளி நின்று பார்த்து, "எவ்வளவு வடிவு!" என்பார். காலையில் டிராமுக்கு ஓடுகிற அவசரத்தில் என் தலையை இழுத்து மூன்று இழையில் பின்னிவிட்டவரும் இவர்தான். எனக்குத் தரப்பட்ட வேலை பாண் சுடும் தகரத்துக்கு எண்ணெய் பூசுவது. ஒருமுறை நானும் பின்னிப் பார்த்தேன். ஐந்தாவது இழை எங்கேயோ தொலைந்துபோய்விட்டது. தாலி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் பேசாமல் அதை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள்.

போதாக்குறைக்குத் தமிழ் வேறு படித்துவிட்டாள். கிளம்பும்போது நாங்கள் சொல்லவேண்டிய "போட்டு வாறன்" என்பதை அவள் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அம்மாவுக்குச் சொல்வாள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதே சொல்லை நான் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறேன். எவரும் கைதட்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய விருந்து. மிரி அன்ரியின் மாமியார், மைத்துனர் குடும்பம் எல்லோரும் வருவதாக இருந்தது. கேக்குக்குப் பதில் பாப்கா செய்யச் சொல்லியிருந்தார். இனிப்பு மாவைத் தட்டி, அதன்மேல் சொக்லேட்டும் கறுவாத்தூளும் குழைத்துப் பூசி, பாய்போலச் சுருட்டி, நீளவாக்கில் வெட்டி இரண்டையும் முறுக்கித் தகரத்தில் வைத்துச் சுடுவார்கள். அம்மா முழங்கைவரை மாவோடு நின்றபோது நான் கேட்டேன்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை என்ர பிறந்தநாளுக்கு என்ன கேக் செய்வியள்?"

"கடையில ஒண்டு வாங்குவம் பிள்ளை. எனக்கு எங்க நேரம்?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாலியிடம், "நவ் ரோல், ஸ்லோலி" என்றார்.

அந்த வீட்டுச் சட்டங்கள் எனக்கு அத்துப்படி. இறைச்சி சாப்பிடும் வேளையில் பால் சேர்ந்த எதையும் தொடமாட்டார்கள். வெள்ளி இரவு கோழி, ஆகவே வெள்ளிக்கிழமைப் பலகாரத்தில் பட்டர் கூடவே கூடாது, பாலில்லாத மாஜரின்தான். அம்மா குழம்பாமல் இருப்பதற்காகத் தாலி ஃபிரிட்ஜில் நிறத்துண்டுகள் ஒட்டியிருந்தாள். பால் சாமானுக்கு நீலம், இறைச்சிக்குச் சிவப்பு, இரண்டோடும் சேரக்கூடியவற்றுக்குப் பச்சை.

சொக்லேட் குழைக்க நேரம் வந்ததும் அம்மா, "பச்சை ஒட்டின மாஜரினை எடுத்து வெட்டிக்கொண்டு வா" என்றார். நான் நீலத்தைத் திறந்தேன். உறையைக் குப்பைவாளியின் அடியில் புதைத்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டிய பட்டரைக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மேலுள்ள நம்பிக்கையில் அம்மா கிண்ணத்துக்குள் பார்க்காமலேயே அதை உருக்கிக் கொக்கோவோடு கலந்தார்.

ஓவனில் வைத்து இருபது நிமிடம் போயிருக்கும். வீடு முழுவதும் ஒரு வாசனை எழும்பியது. மிரி அன்ரி சோபாவிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார்.

"பட்டரா?"

அம்மா ஓவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது, அவருக்கு அது போதுமாக இருந்தது. மிரி அன்ரியின் பக்கம் திரும்பி, "மை மிஸ்டேக்" என்றார். "சொறி, சொறி. மை மிஸ்டேக்." மாக்கையோடு அங்கேயே நின்றார். சூரியன் சாய ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வேறொன்று செய்ய மாவும் இல்லை, நேரமும் இல்லை.

மிரி அன்ரி மரக்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "பரவாயில்லை. இன்றைக்கு எல்லோரும் பழம் சாப்பிடட்டும்" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் அல்லவா? இது அவளுக்கு."

வீட்டுக்குப் போக இருபது அடி தூரம். அந்த இருபது அடிக்குள் அம்மா ஒரே ஒரு தடவை, "ஏன் பிள்ளை?" என்றார். பிறகு கேட்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நான் கெடுத்த பாப்காவில் ஒன்பது மெழுகுதிரி ஏற்றி நானே ஊதினேன். தாலி வந்து பாட்டுப் பாடினாள். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "பட்டர் போட்டாத்தான் கேக்" என்றார். அம்மா எழும்பித் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

தாலிதான் எனக்கு மிச்சக் கதையைச் சொன்னாள். விருந்தன்று அவளுடைய அப்பம்மா, வெளியாட்களைக் குசினிக்குள் விட்டால் இப்படித்தான் ஆகும் என்றாராம். மிரி அன்ரி படுத்த இடத்திலிருந்தே, அப்படியானால் அடுத்த வெள்ளி நீங்கள் வந்து நின்று செய்யுங்கள் என்றாராம். பிறகு எவரும் பழம் சாப்பிடவில்லையாம். இதை அவள் சிரித்துச் சிரித்து, முசுப்பாத்தி மாதிரித்தான் சொன்னாள். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை அம்மா முன் வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு என் அம்மா திரும்பக் கிடைத்துவிட்டார். கிடைத்தவர் ஏற்கெனவே துடைத்த அடுப்பைத் துடைத்தார், மடித்த உடுப்பை அவிழ்த்து மடித்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் தலையைத் தடவினார், ஆனால் கண் யன்னலுக்கு வெளியே இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தாலி வந்து கதவைத் தட்டினாள்.

"அன்ரி, மா எழும்பிவிட்டது. யார் பின்னுவது என்று அம்மா கேட்கிறார்."

அம்மா வீட்டுச் செருப்போடு ஓடினார். அந்த நேரம் எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எரிச்சல்தான் வந்தது.

அந்த மாதம் கோயிலில் எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருந்தது, செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லவேண்டும். நான் முழந்தாளிட்டு, "சுவாமி, நான் கேக்குக்குள்ள பட்டர் போட்டுட்டன்" என்றேன். சுவாமிக்கு விளங்கவில்லை. களவெடுத்த பட்டரா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். பொறாமை என்ற சொல்லை நான் சொல்லவேயில்லை.

நவம்பரில் மிரி அன்ரிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. நாங்கள் பார்க்கப் போனபோது அவர் வேறு எவரிடமும் கொடுப்பதற்கு முன் பிள்ளையை அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். நான் கதவோரம் நின்று, சரி, இனி இதுவும் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதானபோது, அவர்கள் வழக்கப்படி பெரியவனாகும் கொண்டாட்டத்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள். முடிந்து, நாங்கள் பிறகு குடிபோன ரோவிலுக்குத் திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். பக்கத்தில் அம்மா. ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னேன்.

"அம்மா, அண்டைக்குப் பட்டர் போட்டது நான்தான்."

"ஓம், தெரியும்."

"பிறகேன் உங்கட பிழை எண்டு சொன்னனீங்கள்?"

அம்மா வேறொன்று சொன்னார். மிரி அன்ரி படுக்கையில் விழுவதற்கு முந்தின வருடம், அம்மாவின் வயிற்றிலிருந்த பிள்ளை நாலாம் மாதத்தில் அழிந்துபோனதாம். அப்பா இரவு வேலையில் இருந்தாராம். நான் நித்திரையாம். தாலியின் அப்பா எங்கள் வீட்டில் எனக்குக் காவல் இருக்க, மிரி அன்ரிதான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். என்னிடம் அம்மாவுக்கு வயிற்றுவலி என்று சொன்னார்களாம். எனக்கு அதுகூட ஞாபகமில்லை.

"அவவுக்கும் அதுக்கு முதல் ரெண்டு போனது" என்றார் அம்மா. "ஆஸ்பத்திரியில என்ர பக்கத்தில இருந்து சொன்னவ. அதுதான் அவவிட்ட, நீ படு, நான் நிக்கிறன் எண்டு சொன்னனான்."

பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. பச்சை விழுந்து கொஞ்ச நேரமாகியிருந்தது. அந்தக் குசினியில் ஒருத்தி படுத்துக்கொண்டும் மற்றவள் நின்றுகொண்டும், ஒரு பிள்ளை தங்கிவிடவேண்டும் என்று வாரம் வாரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் எண்ணெய்த் தகரத்தோடு பக்கத்திலேயே நின்று, அவர்கள் கேக் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.