மடிச்சூட்டில் வந்த செல்கள்

மைசூரில் ஓர் உயிரியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து எனக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. டெக்னீஷியன் என்றதும் வீட்டில் என்னமோ பெரிதாக நினைத்துக்கொண்டார்கள். பாட்டில் கழுவுவது, பிப்பெட் முனைகளை டப்பாவில் அடுக்குவது, எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் வைத்து அவிப்பது, இவ்வளவுதான் வேலை. செல் வளர்க்கும் அறைக்குள் போவேன், துடைப்பேன், வந்துவிடுவேன். சமையல்கட்டிலேயே கிடந்தும் கரண்டியைத் தொடவிடாத மருமகள் மாதிரி, செல் பக்கம் மட்டும் என்னை விடமாட்டார்கள்.

அந்த வாரம் அக்காவின் செல்கள் மொத்தமும் செத்துப்போயின. அக்கா எங்கள் ஆய்வகத்தில் பிஎச்டி செய்பவள். மைசூர்த் தமிழச்சி, கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவாள். கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்ய, செல்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. கடைசிச் சோதனை பாக்கி. அதே வகைச் செல் பெங்களூரில் அவள் தோழியின் ஆய்வகத்தில் மட்டும் இருந்தது. அதுவும் உயிரோடு வந்து சேராவிட்டால் அத்தனை வருட உழைப்பையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போய் வாங்கிவர வேண்டிய அன்றைக்குப் பார்த்து அவளுக்கு ஆராய்ச்சிக் கமிட்டிக் கூட்டம்.

"நீ போறியா? ஐஸ் பெட்டியெல்லாம் வேண்டாம், உடம்புச் சூட்டுலயே எடுத்துட்டு வா. ஸ்வல்ப பாத்து வா, என் தங்கமே" என்றாள். என்னைத் தங்கம் என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நிலைமை அவ்வளவு மோசம்.

பெங்களூரில் அவள் தோழி என் கையில் கொடுத்தது உள்ளங்கை அகலக் குடுவை. கழுத்துவரை ரோஸ் நிறத் திரவம், அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிகம் குலுங்கினால் பிடி விட்டுவிடும், குளிர்ந்தால் செத்துப்போகும். மைசூர் திரும்பும் சாயங்கால ரயிலில் உட்கார இடமா கிடைக்கும்? வெளியே மழை வேறு. குடுவையைத் துப்பட்டாவுக்கு அடியில் வயிற்றோடு அணைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, இடிப்பவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெட்டி வந்து முழங்கையில் மோதியதும், "ஐயோ, பாத்து!" என்று கத்திவிட்டேன்.

"தமிழா அம்மிணி நீயி? வயித்துப் புள்ளயோட நிக்கறயே, இங்க வந்து குந்து" என்று ஓர் அம்மா எழுந்தேவிட்டார். கர்நாடகத்து ராமாபுரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர், மைசூர் ஹெப்பாளில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார் என்று பிறகு தெரிந்தது.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை! வாயைத் திறப்பதற்குள் ஒருவர் பையை நகர்த்தினார், இன்னொருவர் ஜன்னலைச் சாத்தினார். சரி, செல்லுக்காக எதுவும் செய்யலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். "எத்தன மாசம்?" என்று அந்த அம்மா கேட்டதும்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

துப்பட்டாவை விலக்கிக் காட்டினேன். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இதுக்குள்ள உயிர் இருக்கு. சூடு ஆறக் கூடாது. எங்க அக்காவோட படிப்பே இதுலதான் இருக்கு. நான் எந்திரிச்சுக்கறேன்."

அவர் குனிந்து பார்த்தார். "ரோஸ் சர்பத்தாட்ட இருக்குது. இதுக்குள்ளயா உசுரு?"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "உசுருன்னா உசுருதான? நா பட்டுப்புழு முட்டைய வெயில் படாம மடியில வெச்சுக் கொண்டாந்தவ. பேசாம குந்து சாமி."

அதன்பிறகு அவர்தான் எனக்குக் காவல். யார் நெருங்கினாலும் கன்னடத்தில் ஓர் அதட்டல். மத்தூர் வடை விற்றவர்கூட எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்தால் வயிறு குலுங்கும், குடுவையும் குலுங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமான ரயில் பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

ராத்திரியே குடுவை சரிசெய்த இன்குபேட்டருக்குள் போய்விட்டது. மறுநாள் எங்கள் விஜயநகர் வீட்டில் காபிகூடக் குடிக்காமல் ஆய்வகத்துக்கு ஓடினேன். அக்கா மைக்ராஸ்கோப் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயே பாரு. எனக்கு தைரியம் இல்ல."

குனிந்தேன். சில செல்கள் உருண்டையாக மிதந்தன. செத்தவைதான் அப்படி மிதக்கும். ஃபோகஸை மெல்லக் கீழே இறக்கினேன். அடியில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, கைகாலை நீட்டிப் படுத்திருந்தன. நடுவில் ஒன்று இடுப்பு ஒடுங்கி இரண்டாகிக்கொண்டிருந்தது.

"அக்கா! சாகலக்கா! பெருகுது!"

என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். சிரித்தாள், அழுதாள், மாஸ்க் நனைந்தது. நானும் அழுதேன். யாருக்கு வெட்கம்?

"ஆய்த்து, அழுதது போதும்" என்று மூக்கைத் துடைத்தாள். "போய் கை கழுவிட்டு கிளவுஸ் போடு. இன்னிக்கு இதுங்களுக்கு நீதான் சாப்பாடு மாத்தற."

பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதை விட்டேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.