தேர்வுக்கு ஓர் ஆளை அழைத்து வருக

மாணவத் தொழிலுக்கு ஓய்வுபெறும் வயது என்று ஒன்றை எவரும் விதிக்கவில்லை. விதித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். நெடுங்காலம் தமிழாசிரியையாகப் பணியாற்றி 2009ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற எனக்கு, வீட்டில் ஓரிடத்தில் உட்காரத் தெரியவில்லை. நாளேட்டில் வந்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினேன். அந்த வேலை முற்பகலுக்குள் முடிந்துவிட்டது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களைத் திருத்தினேன். அவர்கள் கேட்பதாக இல்லை. கால்கள் பரபரத்துக்கொண்டே இருந்தன. ஆகவே, தொலைநிலைக் கல்வி வாயிலாக உளவியல் பட்ட வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அலைகின்ற தோழர்களே, தோழியரே, உங்களுக்காகவே இவற்றை எழுதுகிறேன்.

சாளரத்தின் முன்

எங்கள் கல்வி மையம் திருப்பெரும்புதூரில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் இயங்கியது. சேர்க்கைச் சாளரத்தில் அமர்ந்திருந்த இளைஞர் என் சான்றிதழ்களை வாங்கிப் புரட்டினார். பிறகு, எனக்குப் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். நின்றவர் என் கணவர். நரைத்த மீசையுடன் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற அவரைக் கண்டதும் இளைஞரின் ஐயம் வலுத்தது. சான்றிதழ்களை அடுக்கி, மிகுந்த பணிவுடன் என்னிடமே திருப்பி நீட்டினார்.

"ஸ்டூடண்ட்தான் நேர்ல வரணும் மேடம். அப்பா, அம்மா வந்தாலெல்லாம் எடுத்துக்க மாட்டோம்."

கைகளைத் தூக்கியவர்கள்

முதல் வகுப்பில் என்னைத் தவிர அனைவரும் இருபதுகளில் இருந்தனர். ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வேலை முடித்து, சீருடையோடும் கழுத்தில் தொங்கும் அட்டையோடும் அப்படியே வந்திருந்தனர். என் பக்கத்தில் அமர்ந்தவள் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கைப்பேசிப் பாகங்களைப் பூட்டும் தொழிற்சாலையில் வேலை. மண்ணூரில் ஓர் அறையில் தோழியரோடு குடியிருப்பு. இப்படிப்பில் ஏன் சேர்ந்தாய் என்று விரிவுரையாளர் கேட்டபோது அவள் எழுந்து நின்று, "போனுக்கெல்லாம் டெஸ்டிங் வச்சித்தான் சார் வெளிய அனுப்புதோம். மனுசனுக்கு எப்படி டெஸ்டிங் வைக்கிதாவன்னு பாக்கணும்" என்றாள்.

விரிவுரையாளர் சிரித்தார். "உளவியல் படித்தால் பிறருடைய மனத்தைப் படித்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். அத்தனை கைகளும் உயர்ந்தன. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், என் கையும் முழங்கை வரையில் எழுந்துவிட்டது. "உளவியல் நடத்தையை ஆராயும் அறிவியல். மனத்தை ஊடுருவிப் பார்க்கும் வித்தை அன்று" என்று அவர் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் இழுத்தார். வகுப்பு முழுவதும் ஏமாந்த முகங்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் நம்பிக்கையைக் கைவிடவில்லை.

"சூப்பர்வைசர் மனசுல இன்னா கீதுன்னு, கடைசி வருசத்துலயாவது சொல்லிக் குடுப்பீங்களா சார்?"

சங்கு

ஆக்கநிலையுறுத்தம் என்று ஒரு பாடம். உணவு வரும்போதெல்லாம் மணியடித்துப் பழக்கினால், பின்னர் வெறும் மணியோசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும். விரிவுரையாளர் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது, சாலைக்கு அப்பாலிருந்த தொழிற்சாலையொன்றில் சங்கு ஊதியது. கண்மூடித் திறப்பதற்குள் பாதி வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. சிலர் கதவை நோக்கி நடக்கவும் தொடங்கினர். நடந்தவர்கள் தாம் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடுவழியில் நின்று, ஒருவரையொருவர் பார்த்து விழித்தனர்.

விரிவுரையாளருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அளவிட முடியாதது. "இதைத்தான், இதைத்தான் சொன்னேன்!" என்று மேசையைத் தட்டினார். நாயோடு ஒப்பிடப்பட்டதில் வகுப்புக்கு வருத்தமா என்று அறிய நான் திரும்பிப் பார்த்தேன். வருத்தம் இருந்தது; அதன் காரணம்தான் வேறு.

"அது டீ பிரேக் சங்கு சார். நாய்க்காவது கடைசியில சோறு வெச்சாங்க."

பேச்சியின் நிபந்தனை

வகுப்பு முடிந்ததும் பேச்சியும் நானும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறுவது வழக்கமாயிற்று. ஞாயிறுதோறும் அந்த நேரத்தில் ஊரிலிருந்து அவளுடைய தந்தை தொலைபேசியில் அழைப்பார். அவள் பேசுவதை நான் கேட்கக் கூடாது. ஆட்டோவில் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது கேட்காமலும் இருக்க முடியாது. "ஆமாப்பா", "இல்லப்பா", "பரீச்சைக்கு இன்னும் நாள் இருக்குப்பா" என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. பேசி முடித்தபின் அவள் கைப்பேசியின் மூடியைக் கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடியும் கழற்றுவாள்.

ஒரு நாள் காரணத்தைக் கேட்டேன். அத்தை மகன் ஒருவன் ஊரில் தயாராக இருக்கிறானாம். அவன் பேரில் அவளுக்கு எதிர்ப்பும் இல்லை, விருப்பமும் இல்லை, படிக்கத்தான் விருப்பம். தந்தையிடம் கெஞ்சியிருக்கிறாள். முதலாண்டுத் தேர்வுகள் அனைத்திலும் ஒரே தடவையில் தேறினால் மேற்கொண்டு படிக்கலாம் என்றும், ஒரு தாளில் தவறினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்றும் அவர் சொல்லிவிட்டார். எத்தனை தாள்கள் என்று விரல்விட்டுக் காட்டிய அவள், செய்முறைத் தேர்வுக்கு வந்தபோது விரலை மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் நான் படிச்சா போதும் டீச்சர். இதுக்கு இன்னொரு ஆளும்லா ஒழுங்கா வரணும்."

என் ஆள்

அவள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. வேதியியல் மாணவருக்கு ஆய்வகத்தில் உப்பு தருவார்கள். உளவியல் மாணவர் தமக்கு வேண்டிய மனிதரைத் தாமே கொண்டுவர வேண்டும். சோதனையைச் செய்பவர் மாணவர்; சோதனைக்கு உட்படுபவர் உளவியல் படிக்காத வெளியாள். ஒருவருக்கு ஓர் ஆள். அந்த ஆள் வராவிட்டால் தேர்வு இல்லை.

என் ஆள் என் கணவரே. பயிற்சிக்காக வீட்டில் அவரை உட்காரவைத்தேன். சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னேன், செய்தார். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன், சொன்னார். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் அவர் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்று கேட்டு, அவர் சொல்லும் அகநோக்கு அறிக்கையை அப்படியே எழுத வேண்டும். ஆறு சோதனைகளுக்கும் அவர் சொன்னது, "நன்றாக இருந்தது" என்ற ஒரே விடைதான். மனத்தில் தோன்றிய உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையச் சொல்லணும்னா, இதுக்குன்னு தனியா ஒரு ஆள வெளியில பாத்துக்கோம்மா. நான் இங்கதானே சாப்பிடணும்."

ஞாயிறு காலை

செய்முறைத் தேர்வு நாளன்று நானும் கணவரும் தேவாலய ஆராதனைக்குப் போகாமல், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டிருந்தோம். பேச்சி மண்ணூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு ஆளாக வர வேண்டியவள் அறைத்தோழி. அந்தத் தோழிக்கு விடியற்காலையில் திடீரென்று ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை போட்டுவிட்டார்கள், கம்பெனிப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அறையில் மற்றவர்களும் வேலைக்குப் போய்விட்டனர். "ஆளே இல்ல டீச்சர்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் கணவர், "என்னை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடேன்" என்றார். கொடுத்தால் எனக்குத் தேர்வு இல்லை. நான் தெருவில் மேலும் கீழும் நடந்தேன்.

அப்போது எங்கள் அடுத்த வீட்டு ஏழுமலை இரவு வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கினான். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். கண்கள் சிவந்திருந்தன. ஆட்டோவை மறித்து, அவனை உள்ளே தள்ளி, ஏறிய பிறகே செய்தியைச் சொன்னேன். அவன் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பரீச்ச அந்தப் பொண்ணுக்கு, ஒக்கார்றது நானு. பெயிலானா யாருக்கு டீச்சரம்மா?"

குறையாத நேரம்

பேச்சிக்குக் கிடைத்தது ஆடி வரைதல் சோதனை. கையை ஒரு தடுப்பு மறைத்திருக்கும். எதிரே நிற்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்து, தாளில் உள்ள நட்சத்திரத்தின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். முதலில் பென்சில் தாறுமாறாகப் போகும். செய்யச் செய்யக் கை பழகும், நேரம் குறையும். அவ்வாறு குறைவதை வரைபடமாகப் போட்டுக் காட்டினால் அதுவே கற்றல் வளைகோடு. நூறாண்டுகளாக மாணவர்கள் போட்டுவரும் கோடு அது, இறங்கித்தான் தீரும்.

ஏழுமலையின் கோடு இறங்கவில்லை. முதல் தடவை எவ்வளவு நேரமோ, கடைசித் தடவையும் அவ்வளவே. பேச்சியின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. அடுத்த மேசை இளைஞன், "கொறச்சி எழுதிக்கோ, எல்லாரும் அதான் பண்றாங்க" என்று கிசுகிசுத்தான். அவள் என்னைப் பார்த்தாள். காலமெல்லாம் தேர்வறையில் மேற்பார்வையாளராக நடந்தவள் நான். அன்று எழுந்து நடக்கவும் உரிமையில்லை, தலையை அசைக்கவும் உரிமையில்லை. மேசைக்கடியில் என் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பேச்சி இளைஞன் சொன்னபடி எழுதவில்லை. நேரம் அளக்கக் கையில் பிடித்திருந்த கடிகாரத்தையும் ஏழுமலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, "அண்ணே, கடைசி முனைக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு போனியளே, ஏன்?" என்று கேட்டாள். அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அம்மையார் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்தார். "கற்றலே நடக்கவில்லையே? களைப்பா?"

"களைப்புன்னா நேரம் கூடியிருக்கும் மேடம். இது கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அண்ணன் கத்துக்கிட்டாவ, காட்டல."

"எப்படிச் சொல்கிறாய்?"

"லைன்ல யாராவது வாட்ச்சோட வந்து நின்னா நாங்களும் இப்படித்தான் மேடம். வேகமா முடிச்சிக் காட்டினா, மறுநாள் அதையே டார்கெட்டா வச்சிருவாவ. நான் வாட்ச்ச அவுக கண்ணுக்கு முன்னால பிடிச்சிட்டேன். உள்ள வச்சிட்டு இன்னொரு தடவ செய்யச் சொல்லட்டுமா?"

அம்மையார் தலையசைத்தார். பேச்சி கடிகாரத்தைப் பைக்குள் போட்டாள். ஏழுமலை பென்சிலை எடுத்தான். நட்சத்திரத்தைச் சுற்றி ஒரே வீச்சில் வந்து சேர்ந்தான். கோட்டை விட்டு ஓரிடத்திலும் விலகவில்லை. அம்மையார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பேச்சியின் தாளில் ஏதோ எழுதத் தொடங்கினார். ஏழுமலை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"மேடம், இத எங்க கம்பெனிக்கு மட்டும் எழுதிப் போட்றாதீங்க. எங்க செட்டுல பன்னண்டு பேரும் இப்படித்தான் செஞ்சினு கீறோம்."

இரண்டு வாக்குகள்

தேர்வு முடிவுகள் எப்போது வரும் என்று பல்கலைக்கழகம் அறிவிப்பதில்லை. இன்று வரும் என்பார்கள், வராது. பேச்சி உணவு இடைவேளையில் எனக்குத் தொலைபேசுவாள். நான் கணினி மையத்துக்கு நடப்பேன். அங்கிருந்த பெண் நான் படியேறும்போதே இல்லையென்று கையசைப்பாள். கடைசியில் ஒரு புதன்கிழமை அவள் கையசைக்கவில்லை. பேச்சி எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தாள். செய்முறையில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் கூடுதல் மதிப்பெண். நானும் தேறினேன், அதைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறன்று அவளுடைய தந்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பேச்சி கதவருகில் நின்றாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தோள்துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "இவ ஒண்ணுலயாவது கோட்டை விட்ருவான்னு நெனச்சி, அங்க தங்கச்சிகிட்டயும் கல்யாணத்துக்கு வாக்கு குடுத்துட்டேன் டீச்சர்" என்றார். இரண்டு இடத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்வதற்கு ஏராளமாக இருந்தது. பேச்சி கண்ணால் தடுத்தாள். "மொதல்ல யாருக்குப்பா சொன்னிய?" என்று மட்டும் கேட்டாள். அவர் தரையைப் பார்த்து, "ஒனக்குத்தான்" என்றார்.  துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைத் தூக்கினார். "சரி, படி. ஆனா அந்தப் பயகிட்ட வேற எடம் பாத்துக்கோன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதுக்கு ஒங்க புஸ்தகத்துல ஏதாவது பாடம் இருக்கா?"

கேள்வி என்னிடம் வந்தது; விடை கதவருகிலிருந்து வந்தது.

"ரெண்டாம் வருசத்துல இருக்குப்பா. படிச்சிட்டு நானே சொல்லுதேன்."

தோழர்களே, தோழியரே, முதலாண்டு இவ்வாறு முடிந்தது. மனம் என்பது எங்கே இருக்கிறது என்று பல்கலைக்கழகம் இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை, இரண்டாமாண்டுக் கட்டணத்தைச் செலுத்தும் அவசரத்தில் நாங்களும் கேட்கவில்லை.