பம்ப்பு வைத்த நோன்பு

நீளத் திருப்புளியின் முனை காரின் பெட்ரோல் பம்ப்பில், மரப்பிடி காதில். மெக்கானிக் சர்தார் பாய் இப்படிக் கண்ணை மூடிவிட்டார் என்றால் செஞ்சி பஸ் நிலையமே வாயை மூடிக்கொள்ள வேண்டும். வேர்க்கடலைக்காரர் வாணலியில் கரண்டியைத் தட்டினாலும் முறைப்பார்.

பழைய கார்களின் பம்ப்பு மட்டும்தான் பார்ப்பார். பிரேக், கியர் என்று வாயெடுத்தால், "அதெல்லாம் திண்டிவனம் போயி பாத்துக்க." காது சொன்னதை நாக்கால் சரிபார்ப்பது அவர் வழக்கம். ரப்பர் குழாயில் ஓர் இழுப்பு. தண்ணீர் கலந்ததா, துருவா, மண்ணெண்ணெயா என்று துப்புவதற்குள் சொல்லிவிடுவார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஓர் ஏலக்காய். இதில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. எனக்கு அந்தத் தலைக்கனம் ரொம்பப் பிடிக்கும்.

ரம்ஜான் மாதத்தில் மட்டும் நாக்குக்கு விடுமுறை. அப்போது ஒரே சட்டம்: "அவசரம் யாருதோ, வாயும் அவங்களுது."

போன வைகாசியில் இந்தச் சட்டத்தில் மாட்டியவர் மாப்பிள்ளை கன்னியப்பன். அப்பம்பட்டிலிருந்து தொண்டூருக்குப் பெண் வீட்டுக்குப் போகும் வழி. யாரோ ஓசியில் கொடுத்த வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்பு கார், மாலையும் கழுத்துமாக பஸ் நிலையத்தருகே நின்றுவிட்டது. மணி ஒன்பது, முகூர்த்தம் பத்தரைக்குள். ஏற்கனவே இரண்டு தேதி தள்ளிப்போன கல்யாணம். இதுவும் தவறினால் வேறு இடம் பார்ப்பதாகப் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

பம்ப்பு போய்விட்டது என்றார் ஓட்டுநர். சர்தார் பாய் காது கொடுத்தார்.

"பம்ப்பு நல்லாத்தான் இருக்குது. நோன்பு வெச்சிருக்குது, என்னிய மாதிரி."

டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினார். கன்னியப்பன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உறிஞ்சினார். கன்னம் ஒட்டியது, விழி பிதுங்கியது, பெட்ரோல் மட்டும் வரவில்லை. சர்தார் பாய் யோசனையோடு பின்பக்கம் போய் டாங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இறங்கியது. உறிஞ்சியது போதும் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாய் நிறைய பெட்ரோல்.

மூடியில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை இருக்கும். அதன்மேல் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். புறப்படும்போது மாப்பிள்ளையின் தாய் விருத்தாம்பாள் காருக்கு நாலு பக்கமும் பொட்டு வைத்தவர், பின்னால் பளபளத்த மூடியையும் விடவில்லை. காற்று போகாத டாங்கிலிருந்து எந்தப் பம்ப்பு இழுக்கும்?

"வண்டி மூக்க அடச்சிட்டியேக்கா" என்று சொல்லிவிட்டு, சர்தார் பாய் துடைப்பக் குச்சியால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தார். குழாயை மாட்டியதும் பம்ப்பு டிக் டிக்கென்று பேச ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு ஏலக்காய் கிடைத்தது. ருசி எப்படி என்று கேட்டார். கன்னியப்பன் துப்பிவிட்டு இரண்டையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

கார் உறுமியது. விருத்தாம்பாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வைத்த பொட்டை அழித்துவிட்டு நல்ல காரியத்துக்குப் போவதா என்று சந்தனக் கிண்ணத்தோடு இறங்கிப் பின்பக்கம் வந்தார். சர்தார் பாய் டாங்க் மூடியை ஒரு கையால் பொத்திக்கொண்டு, கிரீஸ் படிந்த மறு கையைச் சந்தனப் பொட்டுக்கு நீட்டினார்.