பேஜருக்குள் ஒரு ஜாகா

பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் பேஜருக்கு நிரல் எழுதிய அந்த அக்கா, சிப்பின் மேல் சுண்டுவிரலை வைத்துச் சூடு பார்ப்பார், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவதுபோல. பேட்டரியை மிச்சப்படுத்தப் பேஜர் உறங்கும். சில பேஜர்கள் பிறகு எழுவதே இல்லை. காரணம் தெரியாவிட்டால் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும்.

பேஜர் உறங்கினால், உள்ளே நடப்பதைப் பார்க்கச் சிப்பில் மாட்டும் சோதனை வயர் குருடாகிவிடும். உறங்கவிடாமல் பார்த்தாலோ பிழை ஒளிந்துகொள்ளும்.

“இப்ப என்னக்கா செய்யிறது?” என்றேன், அவருடன் வேலை பார்த்த நான்.

“எல்லாம் தூங்கட்டும்லா. ஜாகா மட்டும் முழிச்சிருக்கட்டும்.”

சிப்பில் சோதனைக்கான சிறு பகுதிக்கு மட்டும் மின்சாரம் விட்டார். அதுதான் அவருடைய ஜாகா, காவல்காரன்.

“ஜாகாவும் பேட்டரி தின்பானேக்கா?”

“வயர் மாட்டினாத்தான் அவனுக்கு வேலை. கழட்டினா அவனும் போய்ப் படுத்துக்குவான்.”

அன்று மதியமே பிழை பிடிபட்டது, சரக்கும் வாங்குபவருக்குப் போனது. உறங்கும் ஒன்றை எழுப்பாமலே அதன் உள்ளே பார்த்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.