நீல டேப் சுற்றிய பூட்டு

நான் சொல்வதில் முக்கால்வாசி அளப்பு. எங்கள் பிரஸ் மெஷின் ஒரு அடி அடித்தால் ஏழு தெரு தள்ளிக் காக்காய்க்குச் சிறகு உதிரும் என்று ஊரையே நம்பவைத்தவன். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், என் வீட்டுக் கொல்லையில்.

தொழிற்சாலையில் ஒரு சட்டம். மெஷினுக்குள் கைவிடும் முன் மின்சாரக் கைப்பிடியை இறக்கி, ஆளுக்கொரு பூட்டு மாட்ட வேண்டும். மாட்டினவன்தான் கழற்றலாம். ஓய்வு பெற்ற அன்று நானும் என் மெஷின் கூட்டாளி குட்டையனும் பூட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நழுவிவிட்டோம். ஆறடி உயரம், அதனால் குட்டையன். அவன் பூட்டில் நீல டேப் சுற்றியிருக்கும்.

அப்புறம் வீடு. உட்கார்ந்தால் பெருக்கணும் என்பாள் மனைவி. எழுந்தால் குறுக்கே நிற்காதீங்க என்பாள். கை இரண்டும் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி தொங்கின. குட்டையனுக்கு இன்னும் மோசம். தினமும் போனில் கெஞ்சுவான்.

"எதையாவது கழட்டுனா என்னையும் கூப்பிடுடா. பைத்தியம் புடிச்சிரும் போல."

அன்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரைக் கழற்றத் துணிந்தேன். அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்தது... எடுக்கவில்லை.

மதியம் இரண்டே கால். கொல்லைச் சுவரில் மெயின் பெட்டி, அதில் இரண்டு கைப்பிடி. வலது கைப்பிடியை இறக்கிப் பூட்டினேன். உள்ளே மின்விசிறி நின்றது.

"அந்த ஃபேனையும் நிறுத்தியாச்சா?" என்றாள் மனைவி, படுத்தபடியே.

மோட்டார் மூடியைத் திறந்தேன். கம்பிக்கு விரல் போனது.

பின்னால்... டக்.

திரும்பினேன். யாரும் இல்லை.

மெஷின் எண்ணெய் வாசனை.

இடது கைப்பிடி இறங்கியிருந்தது. அதில் ஒரு பூட்டு.

நீல டேப்.

தொட்டேன்... உள்ளங்கைச் சூடு.

அப்போதுதான் உறைத்தது. தொழிற்சாலையில் வலது கைப்பிடிதான் என் மெஷினுக்கு. இந்த வீட்டில் அது விளக்குக்கும் விசிறிக்கும். மோட்டாருக்கு இடது. பழக்கத்தில் கை தானாகப் போயிருக்கிறது.

அவனுக்கு மறுபடி போன் போட்டேன். அவன் மனைவி எடுத்தாள்.

"காலையில பதினோரு மணிக்கே போயிட்டாருண்ணே. நாற்காலியில உக்காந்தபடியே..."

"அவன் பூட்டு எங்கம்மா?"

"அதைக் காணோம்ணே. சாவி மட்டும் கைக்குள்ள இருக்கு. விரலைப் பிரிக்கவே முடியல."

சாவியை மூடிய அந்தக் கையோடுதான் அனுப்பிவைத்தோம்.

இன்றுவரை எங்கள் வீட்டில் மோட்டார் ஓடவில்லை. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறேன். கைக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது. பூட்டை அறுத்துத் தொலைங்க என்கிறாள் மனைவி. விடமாட்டேன். மாட்டினவன்தான் கழற்ற வேண்டும்.

சாவி அவனிடம்தானே இருக்கிறது...